குறியீடு போட்ட நியாயத்தொடைக் கணக்குகள்: விடை ஏன் இப்படி வருகிறது?

நிலா_வெள்ளவத்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்தவள் நான். அளவையியலும் விஞ்ஞான முறையும் என் பாடங்களில் ஒன்று. ஆகவே நியாயத்தொடை, அதாவது தரப்பட்ட கூற்றுகளிலிருந்து முடிவைப் பெறும் கணக்கு, என்றால் எனக்குப் பயமில்லை என்றே நினைத்திருந்தேன். இப்போது ஒரு வங்கியின் பயிலுநர் பதவிக்கான எழுத்துப் பரீட்சைக்குத் தயாராகிறேன். நுண்ணறிவுப் பகுதியில் குறியீடு போட்ட நியாயத்தொடை வருமென்று முன்னர் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடையொன்றில் இந்திய வங்கித் தேர்வுகளுக்கான பயிற்சிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்னர் வைத்திருந்தவர் ஓரமெல்லாம் பென்சிலால் வட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறார். அவை உதவுவதை விடக் குழப்பவே செய்கின்றன. அதைப் போன்ற ஒரு கணக்கைச் சொற்களை மாற்றித் தமிழில் தருகிறேன்.

க @ ச என்றால்: எல்லாக் க-வும் ச.
க # ச என்றால்: சில க, ச.
க % ச என்றால்: எந்தக் க-வும் ச அல்ல.
க & ச என்றால்: சில க, ச அல்ல.

எடுகூற்றுகள் (உண்மையென்று தரப்பட்டவை): தோணி @ மரம், மரம் % இரும்பு, இரும்பு # சங்கு.

முடிவுகள்:
1. தோணி % இரும்பு
2. மரம் # தோணி
3. சங்கு & மரம்
4. சங்கு # தோணி
5. சங்கு % தோணி

எனக்கு 1 மட்டும்தான் வந்தது. புத்தகமோ 1, 2, 3 ஆகியவை பெறப்படும், அத்துடன் '4 அல்லது 5' பெறப்படும் என்கிறது. இரண்டாவதை எப்படி ஏற்பது? வகுப்புகளை வட்டங்களாகக் காட்டும் வென் வரைபடத்தில் நிறைவிதியை, அதாவது 'எல்லா' என்ற கூற்றைக் குறிக்கும்போது ஒரு பகுதியை நிழலிடுகிறோம், அவ்வளவுதான். 'இங்கே ஒன்று இருக்கிறது' என்று காட்டும் புள்ளடியை எங்கும் போடுவதில்லை. புள்ளடி இல்லாத இடத்திலிருந்து 'சில' எப்படி வரும்? மூன்றாவதில் எது எழுவாய், எது பயனிலை என்றே தலை சுற்றுகிறது. நான்கும் ஐந்தும் தனித்தனியே பெறப்படாது என்றால் சேர்த்து மட்டும் எப்படிப் பெறப்படும்?

இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் மேலே குறியீட்டுப் பெட்டியை நிமிர்ந்து பார்த்துப் பார்த்தே நேரம் போகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?


வங்கிக்_கவுன்டர் எழுதியது:

தங்கச்சி, இதே மாதிரிப் பரீட்சை எழுதித்தான் நானும் உள்ளே வந்தேன். அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும். எல்லா + எல்லா = எல்லா. எல்லா + எந்தவும் இல்லை = எந்தவும் இல்லை. எல்லா + சில = முடிவில்லை. சில + எல்லா = சில. சில + எந்தவும் இல்லை = சில இல்லை. எந்தவும் இல்லை + எல்லா, எந்தவும் இல்லை + சில, இரண்டுக்கும் 'சில இல்லை' என்பதைத் திருப்பிப் போட வேண்டும். உங்கள் மூன்றாவது முடிவு அந்தக் கடைசி வகை. ஏன் எதற்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, புள்ளி கிடைத்தது.


கொட்டாஞ்சேனை_சேர் எழுதியது:

பிள்ளை, புத்தகத்தின் விடை சரி. நீர் உயர்தரத்தில் படித்ததும் சரி. இரண்டும் மோதுவது இரண்டாம் முடிவில் மட்டும்தான். மற்ற இரண்டு சந்தேகங்களும் குறியீடு பார்த்த வேலை.

மேலே தம்பி கொடுத்த அட்டவணை தவறென்று சொல்லமாட்டேன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கொப்பிகளிலும் அது கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கிறது. ஆனால் 'திருப்பிப் போட வேண்டும்' என்று ஒரு சொல் அதில் இருக்கிறதே, பரீட்சை மண்டபத்தில் முதலில் மறந்து போவது அதுதான். எதைத் திருப்புவது, எப்போது திருப்புவது என்ற காரணம் கையில் இல்லாதவருக்கு அட்டவணை பாதி வழியில் கையை விட்டுவிடும்.

முதலில் குறியீட்டைத் தொலைத்துக் கட்டுவோம். வினா தயாரிப்பவர் @ என்றும் # என்றும் போடுவது தர்க்கத்தைக் கடினமாக்க அல்ல, உமது வாசிப்பை இழுத்தடிக்க. உள்ளே இருப்பவை அதே பழைய நான்கு எடுப்புகள்: நிறைவிதி (எல்லா), நிறைமறை (எந்தவும் இல்லை), குறைவிதி (சில), குறைமறை (சில இல்லை). பெட்டியை ஒரு முறை நிதானமாக வாசியும். ஒவ்வொரு குறியீட்டின் பக்கத்திலும் ஒரு சுருக்கெழுத்துப் போடும்: @ பக்கத்தில் 'எ', # பக்கத்தில் 'சி', % பக்கத்தில் 'இ', & பக்கத்தில் 'சிஇ'. பிறகு எடுகூற்றிலும் முடிவிலும் உள்ள குறியீடுகள் அத்தனையையும் வெட்டிவிட்டு அந்த எழுத்துகளை எழுதும். எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும் வரை ஒரு முடிவைக்கூடச் சிந்திக்காதீர். மாற்றி முடித்த பின் பெட்டியின் பக்கம் தலையைத் திருப்பாதீர். உமது கணக்கு இப்படி ஒரே வரியாக வரும்:

தோணி –எ– மரம் –இ– இரும்பு –சி– சங்கு

இந்த வரி கையில் இருந்தால் கணக்கில் பாதி முடிந்தது.

அடுத்தது திசை. புறக்கோட்டையில் வண்டி ஓட்டியவருக்கு ஒருவழித் தெரு எது, இருவழித் தெரு எது என்று தெரிந்திருக்க வேண்டும், இங்கும் அப்படித்தான். 'சி', 'இ' இரண்டும் இருவழி. சில இரும்பு சங்கு என்றால் சில சங்கு இரும்பு. எந்த மரமும் இரும்பு அல்ல என்றால் எந்த இரும்பும் மரம் அல்ல. 'எ', 'சிஇ' இரண்டும் ஒருவழி. எல்லாத் தோணியும் மரம் என்பதால் எல்லா மரமும் தோணி ஆகிவிடாது. சில சங்கு மரம் அல்ல என்பதால் சில மரம் சங்கு அல்ல என்றும் ஆகாது. சொற்களாக எழுதியிருந்தால் இந்தத் தவறைச் சின்னப்பிள்ளையும் செய்யாது. '&' என்று ஒரு குறியைப் பார்த்தவுடன்தான், கணிதத்தில் கூட்டல் குறியைப் போல இருபக்கமும் ஒன்றென்று மனம் எண்ணிக்கொள்கிறது.

இப்போது மூன்றாவது முடிவு. வியாப்தி படித்திருப்பீர். ஒரு பதத்தின் வகுப்பு முழுவதையும் பற்றி எடுப்பு பேசுகிறதா என்பதே கேள்வி. நிறைவிதியில் எழுவாய் மட்டும் வியாப்தி. நிறைமறையில் இரண்டும். குறைவிதியில் ஒன்றுமில்லை. குறைமறையில் பயனிலை மட்டும். வியாப்தியடைந்த பதத்தின் கீழ் பென்சிலால் ஒரு புள்ளி வையும். மரம் –இ– இரும்பு: இரண்டின் கீழும் புள்ளி. இரும்பு –சி– சங்கு: புள்ளியே இல்லை.

முடிவு 'சில சங்கு மரம் அல்ல'. இதில் புள்ளி பெறுவது மரம். எடுகூற்றில் மரத்துக்குப் புள்ளி இருக்கிறதா? இருக்கிறது. இரண்டு எடுகூற்றிலும் வரும் நடுப்பதமான இரும்புக்கு ஓரிடத்திலாவது புள்ளி இருக்கிறதா? இருக்கிறது. ஒரு எடுகூற்று மறை, முடிவும் மறை. சரி, பெறப்படும். இடைக்காலத்து ஐரோப்பிய மாணவர்கள் இந்த வடிவத்தை 'ஃபிரெசிசோன்' என்று பெயர் வைத்து மனப்பாடம் செய்தார்கள். Fresison என்ற அந்தப் பெயரில் உள்ள e, i, o என்ற மூன்று உயிரெழுத்துகளும் முறையே நிறைமறை, குறைவிதி, குறைமறை ஆகியவற்றைக் குறிக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அட்டவணைதான் போலும்.

அதையே திருப்பி 'மரம் & சங்கு' என்று கொடுத்திருந்தால்? இப்போது புள்ளி பெறுவது சங்கு. எடுகூற்றில் சங்குக்குப் புள்ளி இல்லை. எடுகூற்று சொல்லாததை முடிவு சொல்லப் பார்க்கிறது. பெறப்படாது. எதிர்ப்படமும் வரையலாம்: மரம் முழுவதையும் சங்கு வட்டத்துக்குள் போடும், இரும்பில் ஒரு துண்டையும் அதே சங்கு வட்டத்துக்குள் போடும், மரமும் இரும்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மூன்று எடுகூற்றும் உண்மையாகவே நிற்கின்றன. ஆனால் சங்கு அல்லாத மரம் ஒன்றுகூட இல்லை.

அந்தப் படத்தை அழித்துவிடாதீர், நான்குக்கும் ஐந்துக்கும் அதுவே வேண்டும். அதில் தோணி மரத்துக்குள், மரம் சங்குக்குள். ஆகவே சில சங்கு தோணி. நான்கு உண்மை, ஐந்து பொய். இனி வேறு படம்: சங்கு வட்டத்தை இரும்போடு மட்டும் வெட்டி மரத்திலிருந்து தள்ளி வையும். இப்போது ஐந்து உண்மை, நான்கு பொய். ஆக இரண்டில் எதுவும் எல்லாப் படத்திலும் நிற்பதில்லை, தனித்தனியே பெறப்படாது. ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாகும் படம் ஒன்று வரையப் பாரும். முடியாது. 'சில சங்கு தோணி' என்பதும் 'எந்தச் சங்கும் தோணி அல்ல' என்பதும் நேர் முரண். ஒன்று விழுந்தால் மற்றது எழும். அதனால்தான் '4 அல்லது 5' என்ற விடை. நிறைவிதியும் குறைமறையும் சோடியாக வந்தாலும் இதே கதைதான்.

அந்தச் சோடியை இனங்காண இரண்டு நிபந்தனை: பதங்கள் இரண்டும் அதே இரண்டாக இருக்க வேண்டும், இரண்டு முடிவும் தனித்தனியே தோற்றிருக்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே பெறப்பட்டிருந்தால் 'அல்லது' என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை மறந்துவிட்டு முரண் சோடியைக் கண்டவுடன் 'அல்லது' என்று கட்டம் நிரப்புபவர்கள் நிறைய.

சரி, உமது பெரிய சண்டை, இரண்டாவது. நிழலிட்டுப் பார்த்தேன், புள்ளடி இல்லை என்கிறீர். மெத்தச் சரி. வென் வரைபடத்தில் 'எல்லாத் தோணியும் மரம்' என்பது 'மரம் அல்லாத தோணி இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. தோணி என்று ஒன்று உலகில் இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. அரிஸ்டாட்டில் வழிவந்த பழைய அளவையியலோ, பேச எடுத்த வகுப்பில் குறைந்தது ஓர் உறுப்பாவது உண்டு என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. ஆகவே 'எல்லாத் தோணியும் மரம்' என்பதிலிருந்து 'சில மரம் தோணி' வந்துவிடுகிறது. இந்திய வங்கித் தேர்வுகள் பின்பற்றுவது இந்தப் பழைய வழக்கை. பரீட்சையில் இரண்டாவதைப் பெறப்படும் என்றே போடும்.

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகங்களில் ஓரத்தில் வரையும் வட்டங்களை எல்லாரும் வென் வரைபடம் என்கிறார்கள். பெரும்பாலும் அவை ஒயிலர் வட்டங்கள். கணிதவியலாளர் ஒயிலர் 1760களில் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் அவற்றைக் கொண்டு நியாயத்தொடையை விளக்கினார். வென் தன் முறையை வெளியிட்டது 1880இல். வேறுபாடு சின்னதல்ல. ஒயிலர் படம் ஒரு நிலைமையை மட்டும் காட்டும். வேறு நிலைமை வேண்டுமானால் வேறு படம் வரைய வேண்டும். வென் படம் எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே வரைந்துவிட்டு, இல்லாததை நிழலிடும். உமது புத்தகத்தை முன்னர் வைத்திருந்தவர் ஒரு கணக்குக்கு ஒரு படம் மட்டும் வரைந்திருந்தால், அது உம்மைக் குழப்பியதில் வியப்பில்லை.

நான்கு பதம் உள்ள கணக்குக்கு நான்கு வட்டம் போட்டு வென் வரைபடம் வரைய முயன்றீரா என்று தெரியவில்லை. முயன்றிருந்தால் விட்டுவிடும். நான்கு வகுப்புக்கு 16 பகுதி வேண்டும். நான்கு வட்டத்தை எப்படி வெட்டினாலும் 14க்கு மேல் வராது. வென் அதற்காகவே நீள்வட்டத்துக்குப் போனார். பரீட்சையில் நீள்வட்டம் வரைந்துகொண்டிருக்க முடியாது. மூன்று மூன்று பதமாக உடைத்துக்கொள்ளும், அல்லது ஒயிலர் வட்டத்தில் இரண்டு எதிரெதிர்ப் படம் போடும். 'பெறப்படும்' என்றால் எல்லாப் படத்திலும் நிற்க வேண்டும். 'ஆகலாம்' என்று கேட்டால் ஒரு படத்தில் நின்றால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, மிச்சம் பிறகு.


பம்பலப்பிட்டிப்_புரோகிராமர் எழுதியது:

சேர், இரண்டாவது முடிவில் நீங்கள் வினா தயாரித்தவரைச் சுலபமாகத் தப்பவிட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் தொழிலில் 'எல்லா' என்பதற்கு ஒரே பொருள்தான். பைதான் மொழியில் ஒரு வெற்றுப் பட்டியலைக் கொடுத்து 'இதில் எல்லாம் உண்மையா' என்று கேட்டால் 'உண்மை' என்று விடை வரும். அதே வெற்றுப் பட்டியலிடம் 'ஏதாவது ஒன்று உண்மையா' என்று கேட்டால் 'பொய்' என்று வரும். எல்லாவிலிருந்து சிலவுக்குப் பாய முடியாது என்பதைக் கணினி நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

அன்றாடப் பேச்சிலும் அப்படித்தான். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வோர் அனைவரும் தண்டம் கட்ட வேண்டும் என்று ஓர் அறிவித்தல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று எல்லாரும் டிக்கெட்டோடு ஏறினால் அறிவித்தல் பொய்யாகிவிடுமா? அல்லது யாரோ சிலர் தண்டம் கட்டினார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியுமா? தர்க்கம் தெரிந்த பிள்ளை தர்க்கத்தின்படி விடை எழுதிப் புள்ளியை இழப்பது என்ன நியாயம்?


கொட்டாஞ்சேனை_சேர் எழுதியது:

தம்பி, உங்கள் அறிவித்தல் உதாரணத்தை என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி. அது நிபந்தனை: 'யாராவது அப்படிப் பயணம் செய்தால்'. அங்கே உறுப்பே இல்லாத வெற்று வகுப்புக்கு இடம் உண்டு. ஆனால் 'என் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில்' என்று ஒருவர் சொல்லிவிட்டு, பிறகு தனக்குப் பிள்ளையே இல்லை என்றால் நீங்கள் 'ஆம், சொன்னது உண்மைதான்' என்று தலையாட்டுவீர்களா? வெள்ளவத்தைச் சந்தையில் அவரை வைத்துப் பார்க்கமாட்டார்கள். மனிதப் பேச்சில் இரண்டு வழக்கும் உண்டு. இதில் ஒன்று மட்டும்தான் தர்க்கம், மற்றது பிழை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

விலையும் சொல்லிவிடுகிறேன். நியாயத்தொடை வடிவங்கள் மொத்தம் 256. வெற்று வகுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டால் 24 வடிவம் செல்லுபடியாகும். வெற்று வகுப்புக்கும் இடம் கொடுக்கும் பூல், வென் வழியில் போனால் 15தான். நடுவில் உள்ள ஒன்பதும் இந்த ஒரே எடுகோளில் தொங்குகின்றன. எல்லா மரமும் பாய், எல்லா மரமும் வலை, ஆகவே சில பாய் வலை என்பது அந்த ஒன்பதில் ஒன்று. மரம் என்று ஒன்று இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் விழும்.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். எந்த எடுகோளில் விடை கேட்கிறோம் என்று வினாத்தாளின் தலைப்பில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? அச்சிடமாட்டார்கள். ஆகவே பிள்ளை, வரி இல்லாவிட்டால் பழைய வழக்கு, வரி இருந்தால் வரி சொல்வது. குறியீட்டு அளவையியல் வினாவுக்கு வகுப்பறையில் விடை எழுதும்போது இந்தப் பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்.


நிலா_வெள்ளவத்தை எழுதியது:

சேர், மிக்க நன்றி. குறியீட்டை வெட்டி எழுதிப் பார்த்தேன், மூன்றாவது முடிவு உடனே தெளிந்தது. அதே புத்தகத்தில் அடுத்த வகையை எடுத்தேன். அதில் பெட்டியே வேறுமாதிரி இருக்கிறது:

க $ ச என்றால்: எல்லாச் ச-வும் க.
க * ச என்றால்: சில க, ச.
க ! ச என்றால்: எந்தக் க-வும் ச அல்ல.

எடுகூற்றுகள்: கொடி $ பூ, பூ * முள், முள் ! வேர்.

முடிவுகள்: கொடி * முள்; கொடி ! வேர்; எல்லாக் கொடியும் வேர் ஆகலாம்; எல்லா வேரும் கொடி ஆகலாம்.

நான் எழுதிய வரி: பூ –எ– கொடி, பூ –சி– முள், முள் –இ– வேர். பூவெல்லாம் கொடி, பூவில் சில முள். ஆகவே சில கொடி முள்: பெறப்படும். கொடி ! வேர்: பெறப்படாது, ஏனென்றால் முள் அல்லாத கொடிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. எல்லாக் கொடியும் வேர் ஆகலாம்: முள்ளாக இருக்கும் கொடி வேராக முடியாது, ஆகவே ஆகாது. எல்லா வேரும் கொடி ஆகலாம்: வேர் வட்டத்தைக் கொடிக்குள் முள்ளைத் தொடாமல் வைத்தேன், இடம் இருக்கிறது, ஆகவே ஆகலாம். சரியா சேர்?

இன்னும் இரண்டு சந்தேகம். 'சில மட்டும்' என்று ஒரு குறியீடு வருகிறது. அதைச் 'சில' என்றே எடுக்கலாமா? அடுத்து, பரீட்சை கணினித் திரையில் நடக்கும் என்கிறார்கள். திரையில் குறியீட்டை எப்படி வெட்டுவது?


கொட்டாஞ்சேனை_சேர் எழுதியது:

நான்கும் சரி. $ பின்பக்கமாக வந்ததைப் பிடித்துவிட்டீரே, அதுதான் அந்தக் கணக்கின் பொறி. அதை 'எல்லாக் கொடியும் பூ' என்று வாசித்திருந்தால் கொடிக்கும் முள்ளுக்கும் நடுவில் தொடர்பே அறுந்து, முதல் முடிவைப் பெறப்படாது என்று விட்டிருப்பீர். முந்திய கணக்கின் பெட்டியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவதில் உள்ள ஆபத்து இது. ஒவ்வொரு தொகுதிக்கும் பெட்டி மாறும். சில வேளை அதே குறிக்கு நேர்மாறான பொருளும் கொடுப்பார்கள்.

தோணி, சங்கு, கொடி என்று வரும் சொற்களை நம்பவும் கூடாது. மரத்தோணியைக் கண்ணால் கண்டிருக்கிறோம் என்பதற்காக 'எல்லாத் தோணியும் மரம்' என்பது இனிப்பாக இருக்கும். 'சில இரும்பு சங்கு' கசக்கும். இரண்டுக்கும் பரீட்சையில் ஒரே மதிப்பு.

'சில மட்டும்' என்பதைச் 'சில' என்று எடுக்கக்கூடாது. அது இரண்டு எடுப்பு சேர்ந்த கட்டு: 'சில க, ச' என்பதும் 'சில க, ச அல்ல' என்பதும். ஆகவே 'எல்லாக் க-வும் ச ஆகலாம்' என்று முடிவு வந்தால் உடனே வெட்டிவிடலாம். ஆனால் அது ஒருவழி. ச பக்கத்தில் எந்தத் தடையும் இல்லை, எல்லாச் ச-வும் க ஆகலாம். ஒரு கணக்குத் தருகிறேன்:

வள்ளம் 'சில மட்டும்' வலை. எல்லா வலையும் நூல். முடிவு: எல்லா வள்ளமும் நூல் ஆகலாம்.

என் வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் 'ஆகாது' என்பார்கள். வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ள தடையை நூல் வரைக்கும் இழுத்துச் சென்றுவிடுவார்கள். வலை அல்லாத வள்ளம் நூலாக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? நூல் வட்டத்தைப் பெரிதாகப் போட்டு, வலையையும் வள்ளத்தையும் முழுமையாக அதற்குள் போடும். இரண்டு எடுகூற்றும் நிற்கின்றன. ஆகலாம்.

விடுபட்ட குறியைக் கேட்கும் வகையும் வரும். தோணி @ மரம், மரம் ? பாய், பாய் % இரும்பு. தோணி % இரும்பு என்ற முடிவு பெறப்பட வேண்டும், கேள்விக்குறியில் என்ன போடலாம் என்பார்கள். நான்கு குறியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முடிவு நிறைமறை, அதில் தோணி, இரும்பு இரண்டுக்கும் புள்ளி. அப்படியென்றால் நடுவில் குறை எடுப்பு எதுவும் வரக்கூடாது: # போச்சு, & போச்சு. % போட்டால் மறை இரண்டாகிவிடும், இரண்டு மறையிலிருந்து முடிவு இல்லை. மிச்சம் @.

திரைப் பரீட்சை பற்றி எனக்கு அனுபவமில்லை, வங்கித் தம்பி சொல்லட்டும்.


வங்கிக்_கவுன்டர் எழுதியது:

சேர், எனக்கு நடந்ததும் திரையில்தான். குறிப்பெழுத ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள், முடிந்ததும் வாங்கிக்கொண்டார்கள். தங்கச்சி, சேர் எழுதிய அந்த ஒரே வரியைத் தாளில் எழுதினால் போதும், கணக்கு முழுவதையும் பிரதி செய்ய வேண்டாம். தோணி, மரம் என்று முழுச் சொல்லும் வேண்டாம், முதலெழுத்துப் போதும். ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு சொல் வந்தால் ஒன்றுக்கு இரண்டாம் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். வள்ளம், வலை போல.

தவறான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்று அறிவுறுத்தலில் முதலில் பாருங்கள். இந்திய வங்கித் தேர்வுகளில் ஒரு தவறான விடைக்கு அந்த வினாவின் புள்ளியில் நான்கில் ஒரு பங்கு கழிப்பார்கள். நான் எழுதியதில் கழிக்கவில்லை, ஆகவே தெரியாததையும் நிரப்பிவிட்டு வந்தேன். உங்கள் பரீட்சையில் கழிப்பதென்றால், 'அல்லது' வகையில் அந்த இரண்டு நிபந்தனையும் சரிபார்த்த பிறகே கட்டத்தைச் சொடுக்குங்கள்.